பேஸ்மேக்கர் இருப்பவருக்குக் கதிர்வீச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்துடிப்பு கொடுத்து இதயத்தை இயக்கும் பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடியோ பொருத்தியவருக்குப் புற்றுநோய் வந்தால், கருவியைக் காரணம் காட்டிக் கதிர்வீச்சையே கைவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. முறையாகத் திட்டமிட்டால் பெரும்பாலானோருக்கு முழு சிகிச்சையும் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, கருவி இருப்பதே தெரியாமல் தொடங்குவது. ‘அது ஹார்ட் டாக்டர் சமாச்சாரம்’ என்று நோயாளி சொல்லாமல் விட்டுவிடுவார். காறை எலும்புக்குக் கீழே தடவிப் பார்த்தால் மட்டும் போதாது. ஐசிடியில் ஒரு வகையைத் தோலுக்கடியில் இடது விலாப்பக்கம் வைக்கிறார்கள். லீட் (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி) இல்லாத லீட்லெஸ் பேஸ்மேக்கரோ இதயத்துக்குள்ளேயே இருப்பதால் வெளியே புடைப்பே தெரியாது. எனவே பதிவு செய்யும்போதே நேரடியாகக் கேளுங்கள். கருவி அட்டையை வாங்கி, கம்பெனி, மாடல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய இதயம் கருவியை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்று இதயநோய் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

‘கருவி நெஞ்சில், சிகிச்சை இடுப்பில், தூரம் இருக்கிறதே’ என்று 15 அல்லது 18 எம்.வி. (மெகாவோல்ட், கதிரின் ஆற்றல் அளவு) கதிரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். கருவி இரண்டு வழிகளில் பாதிக்கப்படுகிறது. ஒன்று, அதன் மேல் சேரும் டோஸ், அதாவது கதிர்வீச்சின் அளவு. தூரம் கூடினால் இது குறையும். மற்றொன்று நியூட்ரான் என்ற மின்னூட்டமற்ற அணுத்துகள். 10 எம்.வி.க்கு மேற்பட்ட ஃபோட்டான் கதிர் (எக்ஸ்ரே வகை), லினாக் என்ற கதிர்வீச்சு மெஷினின் தலைப்பகுதியில் உள்ள டங்ஸ்டன், ஈயம் போன்ற உலோகங்களில் பட்டு நியூட்ரான்களைக் கிளப்பும். அவை சுவர்களில் சிதறி அறை முழுக்கப் பரவும். கருவியின் சிப்பில் போரான்-10 என்ற அணு வகை இருந்தால், அந்த அணுக்கரு வேகம் குறைந்த நியூட்ரானை விழுங்கி உடையும். பக்கத்திலுள்ள நினைவகத்தில் ஒரு பிட் மாறிப்போகும். அப்போது, இதயத்தின் மேலறையையும் கீழறையையும் ஒத்திசைத்து இயக்கிக்கொண்டிருந்த கருவி ரீசெட் ஆகி, கம்பெனி வைத்த அடிப்படை நிலைக்குப் போய்விடலாம். ஈயத் தகடு வைத்து மறைத்தால் போதும் என்பதும் தவறு; நியூட்ரானை ஈயம் தடுக்காது. கதிரின் வடிவத்தையும் அளவையும் கட்டிக்கு ஏற்ப மாற்றும் இன்றைய ஐஎம்ஆர்டி, விமேட் முறைகளில் புராஸ்டேட்டுக்குக்கூட 6 எம்.வி.யிலேயே நல்ல பிளான் போட முடியும். கோபால்ட் மெஷினின் காமா கதிரில் இந்த நியூட்ரான் தொல்லையே இல்லை. புரோட்டான் சிகிச்சையில் உண்டு.

டோஸ் கணக்கிலும் கவனம் வேண்டும். கருவி எக்காரணம் கொண்டும் நேர்க்கதிருக்குள் வரக்கூடாது. அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கம் 1994-இல் பேஸ்மேக்கருக்கு 2 கிரே (டோஸின் அலகு) என்ற வரம்பைச் சொன்னது. அதே சங்கத்தின் 2019 அறிக்கை, டோஸ், நியூட்ரான், நோயாளி கருவியை நம்பியிருக்கும் அளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்து அபாயத்தை வகைப்படுத்துகிறது. 5 கிரேயைத் தாண்டினால் உயர் அபாயம். பிளானிங் கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கதிர் விழும் புலத்தின் ஓரத்தைவிட்டுச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே அது டோஸைக் குறைத்துக் காட்டும். முதல் நாளிலேயே கருவியின் மேல் தோலில் டிஎல்டி, டயோடு என்ற சிறு டோஸ் அளவிகளில் ஒன்றை வைத்து அளந்து, வந்த அளவை மொத்த அமர்வுகளால் பெருக்கிப் பாருங்கள். லீட் கம்பிகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பாதிக்கப்படுவது மின்சுற்று இருக்கும் பெட்டிதான்.

கட்டி கருவிக்கு அடியிலேயே இருந்து, போதிய டோஸ் கொடுக்க வழியில்லை என்றால் மட்டும் கருவியை இடம் மாற்றலாம். முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மாற்றினால் இன்னொரு அறுவை, தொற்று அபாயம், சிகிச்சைத் தாமதம் மூன்றும் வந்து சேரும்.

காந்தத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைப்பதும் ஆபத்து. பொதுவாகப் பேஸ்மேக்கரில் காந்தம் வைத்தால், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் துடிப்பு கொடுக்கும். ஐசிடியிலோ ஷாக் மட்டும் நிற்கும். துடிப்பு கொடுக்கும் முறை (பேஸிங்) மாறாது. சில மாடல்களில் காந்தத்துக்கே பதில் இல்லாதபடி புரோகிராம் செய்திருப்பார்கள். எனவே ஷாக்கை நிறுத்துவதா என்பதை இதயநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும். நிறுத்தினால், நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் முன் மீண்டும் ஆன் செய்தாக வேண்டும். அதுவரை வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். மறந்து அனுப்பினால், உயிர்காக்கும் கருவி நெஞ்சில் இருந்தும் அவருக்குப் பாதுகாப்பில்லை.

கருவிப் பரிசோதனையை முதல் நாளோடு முடித்துவிடாதீர்கள். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எல்லாருக்கும் வேண்டும். அபாயம் அதிகமென்றாலோ நியூட்ரான் உண்டாகும் கதிர் தவிர்க்க முடியாததென்றாலோ வாரம் ஒரு முறை. பேட்டரி, லீட் மின்தடை, பேஸிங் அளவு ஆகியவற்றைச் சில மாதம் கழித்தும் பார்க்க வேண்டும், ஏனெனில் கோளாறு தாமதமாகவும் தலைகாட்டலாம்.

சோர்வைப் பற்றி வீட்டாருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ‘கரண்ட் வைத்த களைப்பு’ என்று எண்ணுவது, ரீசெட் ஆன கருவியின் அறிகுறியாகவும் இருக்கலாம். திடீர்ச் சோர்வு, தலைசுற்றல், படபடப்பு, மயக்கம், கருவியிலிருந்து பீப் ஒலி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அமர்வுவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். மயங்கி விழுந்தாலோ ஷாக் அடித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.