கேம்லாக் சக்கின் ஆட்டத்தை நிறுத்திய கதை

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வாங்கினேன். அதன் ஸ்பிண்டில், அதாவது சுழலும் தண்டு, டி1-4 கேம்லாக் வகை. வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் முதுகில் மூன்று பின்கள்; ஸ்பிண்டிலில் உள்ள கேம்கள் (திருப்பினால் பின்னை இழுத்துப் பூட்டும் சிறு உருளைகள்) அவற்றைப் பிடித்துக்கொள்ளும். வேறொரு லேத்திலிருந்து வந்த சக்கை மாட்டியதும் ஆட்டம். சக்கின் உடம்பில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்தால் முள் 0.15 மி.மீ. ஓடியது.

முதலில் துடைத்தேன். ஸ்பிண்டில் நுனியின் குட்டை டேப்பரில் (கூம்புச் சரிவில்) பிசுக்கு, அதன் தட்டை முகத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு பொடி இரும்புச் சீவல். அதை எடுத்தும் ஆட்டம் பாதிதான் குறைந்தது.

அப்புறம்தான் கேம்களைக் கவனித்தேன். இறுக்கிய பிறகு கேமில் உள்ள கோடு, கடிகாரத்தில் 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் 6-ஐத் தாண்டி நின்றது. அந்தப் பின் அளவுக்கு மேல் வெளியே நீண்டிருக்கிறது என்று அர்த்தம். பூட்டுத் திருகைக் கழற்றி, பின்னை ஒரு முழுச் சுற்று உள்ளே திருகினேன். அரைச் சுற்று உதவாது; பின்னில் உள்ள பள்ளம் கேமுக்கு நேராக வராது. மறுபடி மாட்டி, மூன்று கேமையும் மாறி மாறி இறுக்கினேன். கோடு 4 மணியில் வந்து நின்றது. முள் 0.02-க்குள் அடங்கியது.

மரை வகை ஸ்பிண்டில் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: மரை சக்கை இழுத்துப் பிடிக்க மட்டுமே. மையத்தைக் காப்பது மரையை ஒட்டிய வழவழப்பான உருளையும் சக் வந்து முட்டும் தோள் முகமும்தான். துடைக்கும்போது அங்கே விரலால் தடவிப் பாருங்கள்.