அலமாரிக் கதவைக் கழற்றிய கதை

ஏடிஎச்டி (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தச் சிரமப்படும் நிலை) உள்ள எனக்குக் கண்ணில் படாத பொருள் வீட்டிலேயே இல்லாத மாதிரிதான். பீரோவுக்குள் வைத்த கரண்ட் பில் அதோடு மறந்துபோகும். அதனால் அலமாரிக் கதவுகளையே கழற்றச் சொன்னேன். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது எல்லாம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாக்களில், பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி இருக்கிறது. சாவிக்கும் ஹெல்மெட்டுக்கும் வாசலருகே கொக்கி.

வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பெரிய கண்ணி, ஒரு பொருளை அடுத்த அறையில் வைக்கப் போவதுதான். போனால் அங்கே வேறு வேலை தொடங்கிவிடும். அதற்கு ஓர் அன்னக்கூடை: வேறு அறைக்குரியது எல்லாம் அதற்குள். போனில் 15 நிமிட டைமர் அடிக்கும்வரை அறையை விட்டு நகர்வதில்லை. பழைய போட்டோக்களைத் தொடவே கூடாது. தொட்டால் அன்றைய பொழுது போச்சு.

இதைவிட உதவியது அக்காவின் வீடியோ கால். அவள் காய் நறுக்குவாள், நான் அடுக்குவேன். இப்படி ஒருவர் கூட இருக்க நம் வேலையைச் செய்வதை பாடி டபுளிங் என்கிறார்கள். அறிவுரை சொல்லக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. பழைய பேப்பர்க்காரரை ஞாயிறு காலை வரச் சொல்லிவிடுவேன். கெடு இருந்தால்தான் கை ஓடும். துணி மடிப்பதை மட்டும் கைவிட்டுவிட்டேன், திறந்த கூடையே போதும்.