அச்சு இம்மி திரும்பியதுதான் காரணம்

சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 வோல்ட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமரும் மின்மோட்டார்) பொருத்தியிருக்கிறேன். சேலத்துச் சமதளத்தில் குறையே இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிடும். பேட்டரியைச் சோதித்தேன், சரியாக இருந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலரை மாற்றினேன், பணம்தான் போனது. நான்கு நாள் வீண்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கையால் மெதுவாகச் சுழற்றியபடி மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் மூன்று கம்பிகளை மல்ட்டிமீட்டரில் பார்த்தேன். மூன்றும் 0, 5 வோல்ட் என ஒழுங்காக மாறின. அச்சருகே கேபிளை லேசாக அழுத்தியதும் மஞ்சள் கம்பி மட்டும் 5 வோல்ட்டிலேயே நின்றது. அந்தத் தகவல் அறுந்ததால்தான் மோட்டார் வெட்டி இழுத்திருக்கிறது.

நட்டைக் கழற்றினால், ஃபிரேமில் அச்சு அமரும் பள்ளத்தில் புதிதாய்ப் பளபளக்கும் ஒரு கீறல்! ஏற்றத்தின் முறுக்குவிசையில், அசையாமல் இருக்க வேண்டிய அச்சே திரும்பி, அதன் வழியே வரும் கேபிளை நெரித்திருக்கிறது. கம்பிக்குச் சாலிடர் வைத்து, அச்சு திரும்பாதிருக்க, அதை ஃபிரேமோடு பிடித்துவைக்கும் டார்க் ஆர்ம் என்ற உலோகத் துண்டைப் பொருத்தினேன்.

நேற்று 20 வளைவுகளையும் மிதித்தபடியே ஏறிவிட்டேன். அப்பாடா!