கடலடியில் டைட்டானிக்: சிதைந்த கப்பல் டயோரமாவில் நாம் செய்யும் தவறுகள்

முதன்முறை டைட்டானிக் சிதைவை டயோரமாவாக, அதாவது ஒரு காட்சியை அப்படியே சிறிதாக்கிக் காட்டும் மாடலாகச் செய்தபோது மேல்தளத்தில் ஆரஞ்சு நிறப் பவளம் ஒட்டினேன். இரண்டு மஞ்சள் மீன்கள், மேலிருந்து இறங்கும் ஒளிக்கற்றைகள் வேறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது, மீன்தொட்டிக்குள் போடுகிற பொம்மைக் கப்பல் மாதிரி. ஆனால் டைட்டானிக் கிடப்பது ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில். சூரிய வெளிச்சம் 200 மீட்டரிலேயே மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே துளியும் கிடையாது. வெளிச்சம் வேண்டுகிற வண்ணப் பவளத்துக்கு அங்கே என்ன வேலை? வெளிறிய ஆழ்கடல் பவளங்கள் சில அதன் கைப்பிடிக் கம்பிகளில் உண்டு, அவ்வளவுதான்.

மூழ்கிய கப்பல் டயோரமாக்களில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை. ஆழம் எவ்வளவு என்று முடிவு செய்யும் முன்பே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறோம்.

பவளமும் மீனும்தான் ஆசை என்றால் வேறு கப்பலை எடுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அங்கே பகல் வெளிச்சம் எட்டும், உயிரினங்கள் மொய்க்கும். ஆனால் சிவப்பு நிறம் முதல் பத்துப் பதினைந்து மீட்டரிலேயே தண்ணீரில் தொலைந்துவிடும் என்பதால், டார்ச் அடிக்காத வரை எல்லாமே நீலப்பச்சையும் சாம்பலும்தான். பளீரென்று ஆரஞ்சுத் துரு அடித்தால் அதுவும் பொய்.

சாய்ந்து கிடக்கும் கப்பலில் இன்னொரு தவறு நடக்கும். மாடலை மேசையில் நிமிர்த்தி வைத்துத் துருக்கோடுகளை மேலிருந்து கீழாக இழுப்போம். அப்புறம் அதைச் சாய்த்து மணலில் புதைப்போம். இப்போது அத்தனை கோடுகளும் படுக்கை வாக்கில் ஓடும்! புவியீர்ப்பு பக்கவாட்டில் இழுத்த மாதிரி. முதலில் சாய்த்து நிறுத்துங்கள், துருவும் வண்டலும் பிறகு. வண்டல் எப்போதும் வானம் பார்த்த பரப்பில்தான் படியும், அடிப்பக்கத்தில் அல்ல.

சரி, டைட்டானிக்குக்கே வருவோம். 1985 செப்டம்பர் 1 அன்று அதைக் கண்டுபிடித்தபோது முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனியாகக் கிடந்தன, நடுவே சுமார் 600 மீட்டர் இடைவெளி. டயோரமாக்களிலோ இரண்டும் உடைத்த பிஸ்கட் போலப் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 1/700 ஸ்கேலில், அதாவது எழுநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால், 600 மீட்டர் என்பது 86 சென்டிமீட்டர், 1/350-இல் 1.7 மீட்டர். அவ்வளவு நீளப் பலகை வீட்டில் யாருக்கு இருக்கிறது? முன்பகுதியை மட்டும் செய்யுங்கள். 1/700-இல் அது 20 சென்டிமீட்டர்தான். பின்பகுதி மிக மோசமாக நொறுங்கிய இரும்புக் குவியல். அதை ஒழுங்காகச் செய்ய முன்பகுதியைப் போல மூன்று மடங்கு பொறுமை வேண்டும்.

அந்த முன்பகுதியின் மூக்கு, மீனவர்கள் அணியம் என்பார்களே அது, 18 மீட்டர் போலச் சேற்றில் புதைந்திருக்கிறது. நங்கூரங்கள் கிட்டத்தட்டச் சேற்றை ஒட்டித் தொங்குகின்றன. பலர் அடிப்பலகையின் மேல் முழுக் கப்பலையும் வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் மணல் தூவுகிறார்கள். அதனால் கப்பல் தரைதட்டியது போலத் தெரியுமே தவிர, கனத்தோடு வந்து குத்தியதாகத் தெரியாது. 1/700-க்கு அடித்தளம் குறைந்தது மூன்று சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மூக்கு மோதித் தள்ளிய சேறு முன்னால் மேடாகக் குவிந்திருப்பதையும் காட்டுங்கள்.

மணல் என்றதும் கடற்கரைக்கு ஓட வேண்டாம். அரை மில்லிமீட்டர் மணல்துகள் 1/700-இல் 35 சென்டிமீட்டர் பாறை ஆகிவிடும். ஆழ்கடல் அடித்தளம் மாவு போன்றது. கோலமாவை மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்து, வெளிறிய பழுப்பு நிறம் கலந்து, நீர்த்த ஃபெவிகாலில் படியவிட்டால் போதும். கடையில் டயோரமா மணல் என்று விற்கும் பாக்கெட்டைவிட அது எனக்குச் சரியாக வந்தது. மீனுக்கும் இதே கணக்குதான். ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் மீன் இந்த ஸ்கேலில் ஏழு மீட்டர்.

அதைவிடக் கண்ணை உறுத்துவது கிழிந்த விளிம்புகள். கப்பலின் வெளித்தகடு ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். கடையில் வாங்கும் மாடல் கிட்டின் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் என்று வையுங்கள், அது 1/700-இல் 70 சென்டிமீட்டர் கனமுள்ள கோட்டைச் சுவர். இரண்டாம் புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால், கப்பல் உடைந்த இடத்தில், இந்தத் தடிமன் அப்பட்டமாகத் தெரியும். உள்பக்கமாகச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்குங்கள். கிழிந்து சுருண்ட இடங்களுக்குச் சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலை ஒட்டி, பல்குச்சியால் மடக்குங்கள். அந்த முனையில் தளங்கள் நேராக நிற்பதில்லை. ஒன்றன் மேல் ஒன்று சரிந்து படிந்திருக்கும், இடுக்கில் கொதிகலன்கள் தெரியும்.

கிட்டின் தளத்தில் அழகாகச் செதுக்கிய பலகைக் கோடுகள் இருக்கும். அவற்றை உப்புக்காகிதத்தால் தேய்த்து எடுக்க மனம் வராது. எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பைன் பலகைகளைப் பெரும்பாலும் கடலுயிர்கள் தின்று தீர்த்துவிட்டன. நான்கு புகைபோக்கிகளும் போய்விட்டன. முன் பாய்மரம் பின்னோக்கிச் சரிந்து கிடக்கிறது.

எந்த ஆண்டின் சிதைவு என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். 2022-இல் முழுதாக இருந்த முன்முனைக் கைப்பிடிக் கம்பியில் சுமார் நாலரை மீட்டர் 2024-இல் விழுந்து கிடந்தது. 2022-இல் ஏழு லட்சம் படங்களைக் கோத்துச் செய்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட முப்பரிமாண வடிவம்தான் இன்று நமக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த சான்று. 1986 படங்களையும் இதையும் கலந்து பார்த்தால் இரண்டு காலம் ஒரே மாடலில் ஏறிவிடும்.

துருவுக்கு ஒரே ஆரஞ்சு டப்பா போதாது. டைட்டானிக்கில் துரு ஆலவிழுது போலத் தொங்குகிறது. இரும்பைத் தின்னும் நுண்ணுயிர்கள் கட்டிய விழுதுகள் அவை. கருஞ்சிவப்பில் தொடங்கிப் பழுப்பு, காவி, நுனியில் கொஞ்சம் மஞ்சள் என்று போங்கள். சமையல் சோடாவைப் பெயின்டில் குழைத்துத் தட்டித் தட்டி ஏற்றினால் அந்தச் சொரசொரப்பு வரும். செங்கல்பொடியும் நன்றாக வேலை செய்யும். ஆனால் எல்லாவற்றுக்கும் துரு பூசிவிடாதீர்கள். பித்தளையும் வெண்கலமும் துருப்பிடிக்காது. மரத்தாலான சுக்கான் அறை இருந்த இடத்தில் இன்று வெண்கலத் தண்டு ஒன்று தனியாக நிற்கிறது. அதை மட்டும் பச்சை படிந்த மங்கிய பொன்னிறத்தில் தொட்டுவிட்டால் பார்ப்பவர் கண் அங்கே போய் நிற்கும்.

எலும்புக்கூடு வைக்கிறவர்களும் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இறந்த இடம், வேண்டாமே. தவிர, அந்த ஆழத்துத் தண்ணீரில் எலும்பு கரைந்துவிடும். பதனிட்ட தோல் காலணிகள்தான் சில இடங்களில் ஜோடியாகக் கிடக்கின்றன.

ரெசின், அதாவது ஊற்றியபின் கண்ணாடி போல இறுகும் பிசின், ஊற்றித் தண்ணீர் காட்ட வேண்டுமா? ஹெர்மிஸுக்குச் சரி, டைட்டானிக்குத் தேவையே இல்லை. இருட்டை ஊற்ற முடியாது. ஊற்றுகிறவர்கள் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். நான் மே மாத மதியம் ஒன்றில் ஐந்து சென்டிமீட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினேன். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்ந்து சூடேறி, கப்பலின் மெல்லிய பாகங்கள் நெளிந்து, மேலே ஒரு வெடிப்பும் விழுந்தது. சாதாரண ரெசின் என்றால் ஒரு சென்டிமீட்டர், இறுகியதும் அடுத்தது. அடித்தளத்தை வார்னிஷால் அடைக்காவிட்டால் அதன் துளைகளிலிருந்து காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருக்கும். கலவையைக் கண்ணளவில் கலக்காதீர்கள், தராசில் போடுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம்.

டைட்டானிக்குக் கறுப்பு உட்புறம் உள்ள பெட்டி போதும். முழுக் கப்பலையும் நிலா வெளிச்சத்தில் போலக் காட்டும் படங்கள் கணினியும் ஓவியர்களும் சேர்த்துக் கட்டியவை; யாரும் அதை ஒரே பார்வையில் பார்த்ததில்லை. 1986-இல் இறங்கிய ஆல்வின் நீர்மூழ்கி சுமார் ஏழு மீட்டர் நீளம், 1/700-இல் ஒரு சென்டிமீட்டர். அதன் மூக்கில் கடுகளவு எல்இடி ஒன்றை ரெசிஸ்டரோடு வைத்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் வெளிச்சம் விழச் செய்யுங்கள். மீதிக் கப்பல் இருட்டில் கரையட்டும்.

கடைசியில் மூடி. கண்ணாடி போடாமல் இரண்டு மாதம் அலமாரியில் விட்டேன். துணியிலிருந்து பறந்த ஐந்து மில்லிமீட்டர் இழை ஒன்று மேல்தளத்தில் விழுந்து கிடந்தது, 1/700-இல் மூன்றரை மீட்டர் கயிறு. வந்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கயிறு அருமை, எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார்.