போடர் லைன் சீனி: வீட்டு மீற்றர் காட்டும் எண்ணை வாசிப்பது எப்படி

காலையில் குத்திப் பார்த்தால் 112. மறுநாள் 104. மூன்றாம் நாள், முந்திய இரவு சோறே தொடாமல் படுத்தும், 118. 'போடர் லைனில நிக்குது', அதாவது சீனி நீரிழிவின் விளிம்பில் நிற்கிறது, என்று வைத்தியர் சொன்ன பிறகு மீற்றர் வாங்கிய வீடுகளில் முதல் வாரமே இந்தக் குழப்பம் வந்துவிடுகிறது. பலர் அந்த 118ஐக் கண்டதும் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. மூன்று நாளும் இரத்தத்தில் இருந்த சீனி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

வீட்டு மீற்றர்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15197. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சீனி ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, நூறு முடிவுகளில் 95 முடிவுகள், ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் வந்தால் போதும். 100க்குக் கீழே 15 மி.கி.க்குள் வர வேண்டும். அதாவது உண்மையான அளவு 110 என்றால், மீற்றர் 94 காட்டினாலும் 126 காட்டினாலும் தரத்தை மீறவில்லை. போடர் லைனில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். 94 நல்ல எண், 126 நீரிழிவின் எல்லை. ஒரே துளி இரத்தத்துக்கு இரண்டும் வரக்கூடும். ஆகவே தனி எண் ஒன்றைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். மூன்று காலை எண்களின் சராசரி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த சோடி எண்கள், இவை இரண்டும்தான் வீட்டில் பயன்படும்.

கோடுகள் எங்கே இருக்கின்றன

கீழுள்ள எல்லைகள் எல்லாம் கையின் நாளத்திலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்கும் இரத்தத்துக்கு உரியவை. விரல் நுனி மீற்றரை வைத்து 'சீனி வருத்தம் வந்துவிட்டது' என்றோ 'போய்விட்டது' என்றோ சொல்ல முடியாது.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். உலக சுகாதார நிறுவனம் அதை 110இல் இருந்துதான் தொடங்குகிறது. 104 என்ற றிப்போட்டை ஒரு வைத்தியர் 'நோர்மல்' என்றும் இன்னொருவர் 'போடர்' என்றும் சொல்வதற்கு இதுவே காரணம். இருவரும் பிழை விடவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்த பின் 200, எச்பிஏ1சி 6.5, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் நீரிழிவு. ஆனால் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு இன்னொரு சோதனையால் அதை உறுதிப்படுத்திய பிறகே அப்படிச் சொல்வார்கள்.

கொழும்பு வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய மீற்றர் 5.8, 6.4 என்று காட்டினால் அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் இங்கே நாம் பேசும் மி.கி. வரும்: 5.6 என்பது 100, 7.0 என்பது 126, 7.8 என்பது 140. ஒருவர் தொலைபேசியில் '6.4' என்று சொல்ல, மற்றவர் அதை எச்பிஏ1சி என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அந்த மீற்றருக்குரிய, இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் இங்குள்ள மருந்துக்கடைகளில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் இங்கேயே ஒரு மீற்றர் வாங்குவது நல்லது. ஒரு மீற்றரின் ஸ்ட்ரிப் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

குத்தும் முன்

பிழையான எண்கள் பல கையிலிருந்துதான் வருகின்றன. மாம்பழம் வெட்டிய கை, வாழைப்பழம் உரித்த கை, தேத்தண்ணிக்குச் சீனி போட்ட கை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சீனி சிறு துளி இரத்தத்தில் கலந்தால் எண் வெகுவாக ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது மட்டும் அதைப் போக்காது. சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். ஈரம் இருந்தால் துளி ஐதாகி எண் குறையும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள்; வலி குறைவு. இரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவி விடுங்கள். நுனியைப் பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வரும். துளி போதாவிட்டால் அதே ஸ்ட்ரிப்பில் இரண்டாம் துளி வைக்காதீர்கள். புதிய ஸ்ட்ரிப் எடுங்கள்.

ஸ்ட்ரிப்புக்குக் கொழும்புக் காற்று பகை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பக்கங்களில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்ததும் உடனே மூடுங்கள்; ஒரு வாரத்துக்கு வேண்டியதை எடுத்து வேறு டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். பிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் படியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் சூட்டில் கெடும். போத்தலைத் திறந்த நாளை அதன் மேலேயே எழுதுங்கள். பல நிறுவனங்களின் ஸ்ட்ரிப்புகளைத் திறந்த பிறகு மூன்று முதல் ஆறு மாதம் வரைதான் பாவிக்கலாம். உங்களுடையதற்கு எவ்வளவு என்பது பெட்டியிலேயே இருக்கும். எப்போதாவது பார்ப்பவர் 50 வாங்குவதை விட 25 வாங்குவதே சிக்கனம்.

உங்கள் மீற்றர் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று அறிய ஒரு வழி உண்டு. அடுத்த முறை வெறும் வயிற்று இரத்தம் கொடுக்க ஆய்வுகூடம் போகும்போது மீற்றரையும் கொண்டு போங்கள். நாளத்தில் எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்தி எண்ணைக் குறியுங்கள். றிப்போட் வந்ததும் ஒப்பிட்டு, 15 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த மீற்றரை நம்பலாம். இதைச் சாப்பிட்ட பின் செய்யாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் விரல் நுனி இரத்தத்தில் சீனி நாளத்தில் உள்ளதை விட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

காலை எண் சொல்வது

காலை எண்ணுக்கு நேற்றிரவுச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. இரவு முழுக்க ஈரல் சேமிப்பிலிருந்து சீனியை இரத்தத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் பிறகு கோட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் எழும்பும்போது அது இன்னும் கூடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யும் உடலில் இந்த ஏற்றம் அமுங்கிவிடும். போடர் லைனில் இருப்பவரிடம் அது முழுதாக அமுங்குவதில்லை. சோறே தொடாமல் படுத்தவருக்கும் காலையில் 118 வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழும்பிய அரை மணித்தியாலத்துக்குள், நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலை 5.30க்கு 102 இருந்தவர் கோயிலுக்குப் போய் வந்து, ஒன்றும் வாயில் வைக்காமல் 9.30க்குப் பார்த்தால் 114 வரலாம். விரதம் நீள நீள எண் இறங்கிக்கொண்டே போகும் என்று நினைப்பது பிழை. எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கலாம், சீனி போடாத பிளேன் டீ கூட வேண்டாம்.

காலை எண்ணை ஏற்றுபவை பல: மூன்று நான்கு மணித்தியாலத் தூக்கம், காய்ச்சல், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், மூட்டு வலிக்குப் போட்ட ஸ்டீரொயிட் ஊசி, இழுப்புக்குக் கொடுத்த பிரெட்னிசொலோன். அந்த நாட்களின் எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதி, சராசரியில் சேர்க்காமல் விடுங்கள்.

கொழும்பில் இன்னொரு காரணம் பரவலாக உண்டு. வேலை முடிந்து, காலி வீதி நெரிசலில் ஊர்ந்து, எட்டரைக்கு வீடு சேர்ந்து, பத்து மணிக்குப் பிட்டோ கொத்து ரொட்டியோ சாப்பிட்டு, பத்தரைக்குப் படுப்பது. இதை மாற்றினால் பலன் உண்டா என்று மீற்றரைக் கொண்டே அறியலாம். மூன்று இரவு வழமை போலச் சாப்பிட்டு மூன்று காலை எண்களின் சராசரியை எடுங்கள். அடுத்த மூன்று இரவு வீடு சேர்ந்ததுமே சாப்பிடுங்கள், மாச்சத்தைப் பாதியாக்குங்கள். இரண்டு சராசரிக்கும் இடையில் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கவனிக்கத் தக்கது. நான்கு ஐந்து என்றால் அது மீற்றரின் சலனமாகவே இருக்கலாம்.

கோப்பைச் சாப்பாட்டைச் சோதிப்பது

வீட்டு மீற்றர் உண்மையில் கைகொடுக்கும் இடம் இது. முதல் வாய் வைக்கும் முன் ஒன்று, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். இடையில் எதுவும் வேண்டாம். எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கந்தோரில் பால் தேத்தண்ணி குடித்தால் பத்து மணி எண் எதைச் சொல்கிறது என்று யாராலும் பிரிக்க முடியாது.

உதாரணமாக, எட்டு வெள்ளை இடியப்பம், சொதி, சம்பல். முன் 104, பின் 168. ஏற்றம் 64. இன்னொரு நாள் நான்கு இடியப்பம், கட்டியான பருப்பு, அவித்த முட்டை, வல்லாரைச் சம்பல். முன் 101, பின் 136. ஏற்றம் 35. இரண்டாம் எண்ணை மட்டும் பார்த்தால் முன்னெண் எங்கே நின்றது என்பது மறைந்துவிடும், ஏற்றத்தையும் எழுதுங்கள். இரண்டு மணித்தியால எண் 140க்குக் கீழே வந்தால் அந்தச் சாப்பாடு உங்கள் உடலுக்கு ஒத்துப்போகிறது. விரல் நுனி கூட்டிக் காட்டும் என்பதால் 145, 150 கண்டு கலங்க வேண்டாம். ஒரே சாப்பாட்டுக்கு மூன்று தடவையும் 160க்கு மேல் வந்தால் அதை மாற்றுங்கள்.

சிவப்பு மா இடியப்பம் என்றால் எண்ணாமல் சாப்பிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். சிவப்பரிசியும் மாவாக அரைபட்ட பிறகு விரைவாகவே சமிக்கும். எட்டு வெள்ளைக்கும் எட்டுச் சிவப்புக்கும் சோடி எண் எடுத்துப் பாருங்கள். பிறகு நான்கு வெள்ளைக்கும் எடுத்துப் பாருங்கள். நிறத்தை விட எண்ணிக்கை எவ்வளவு பேசுகிறது என்று உங்கள் கொப்பியிலேயே தெரியும். பாணுக்கும் இதே சோதனை செய்யலாம்.

கொத்து, பரோட்டா, பிரியாணி இதற்கு விலக்கு. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை மெதுவாக்குவதால் சீனி பிந்தி ஏறும். இரண்டு மணித்தியாலத்தில் 138 கண்டு மகிழ்ந்தவருக்கு மூன்றில் 165 இருக்கலாம். இவற்றுக்கு மூன்றாம் மணித்தியாலத்திலும் ஒரு ஸ்ட்ரிப் செலவழியுங்கள்.

சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிட நடையையும் இப்படியே சோதிக்கலாம்: ஒரே சாப்பாடு, ஒரு நாள் கதிரையில், மறுநாள் நடந்து. காலிமுகத்திடல் வரை போக வேண்டியதில்லை. மழை நாளில் தொடர்மாடி நடைகூடத்தில் மேலும் கீழும் நடந்தாலும் தசை சீனியை எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் நாள்தோறும் செய்ய வேண்டாம். மாதத்தில் ஒரு வாரம் போதும்: மூன்று காலை எண், நான்கு சோடி எண், ஆக 11 ஸ்ட்ரிப். மற்ற மூன்று வாரமும் மீற்றரை அலுமாரியில் வையுங்கள். மணிக்கொரு தரம் குத்திப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சீனி குறைந்ததில்லை.

எச்பிஏ1சி பொருந்தாவிட்டால்

எச்பிஏ1சி 6.0 என்றால் சராசரிச் சீனி ஏறக்குறைய 126. இந்த 126 நீரிழிவின் எல்லையான 126 அல்ல. இது இரவு, பகல், சாப்பாட்டுக்குப் பின் எல்லாம் சேர்ந்த சராசரி. அது வெறும் வயிற்று எண். காலை எண் 98 ஆக இருந்தும் எச்பிஏ1சி 6.2 வந்தால், சாப்பாட்டுக்குப் பின்னான ஏற்றத்தைத் தேடுங்கள். வீட்டு எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் அது கூடி நின்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதனால் வரும் இரத்தசோகை எச்பிஏ1சியை உயர்த்திக் காட்டக்கூடும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு உள்ளவர்களிலும் அது பிழைபடக்கூடும்.

எப்போது வைத்தியரிடம்

வெவ்வேறு நாட்களில் மூன்று காலை எண்கள் 126 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்த வாரத்திலேயே ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றுச் சோதனையும் எச்பிஏ1சியும் செய்யுங்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு இவற்றோடு எந்த நேரமாவது 200 தாண்டினால் நாளை வரை தள்ளாதீர்கள். 300க்கு மேல், வாந்தியும் சேர்ந்தால் நேரே வைத்தியசாலை. மருந்து எதுவும் எடுக்காதவருக்கு 65 காட்டினால் துளி போதாமல் இருந்திருக்கலாம். கை கழுவித் திரும்பப் பாருங்கள். ஆனால் நடுக்கமும் வியர்வையும் இருந்தால் முதலில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு எல்லைகள் இதை விடக் குறைவு. அவர்கள் கிளினிக்கில் கொடுத்த எண்களையே பின்பற்ற வேண்டும். சீனிக்கான மெட்போமின் மாத்திரை எடுப்பவர் வீட்டு எண்ணை நம்பித் தானாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

வைத்தியரிடம் போகும்போது கொப்பியோடு மீற்றரையும் கொண்டு போங்கள். மீற்றரில் திகதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று போவதற்கு முந்திய நாளே பாருங்கள். பற்றரி மாற்றிய பிறகு பல மீற்றர்களில் நேரம் பிசகிவிடும், பிறகு எது காலை எண், எது சாப்பாட்டுக்குப் பின் என்று அவரால் பிரித்தறிய முடியாது. பாவித்த ஊசிகளைக் குப்பைப் பையில் நேரே போடாமல் மூடியுள்ள கட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் இறுக மூடி, அதை எங்கே கொடுப்பது என்று அதே கிளினிக்கில் கேளுங்கள்.