பழைய நெகட்டிவ் எந்த எண்? அளந்து அறியும் முறை

செட்டிநாட்டில் வீட்டைப் பங்கு பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கும் எனாமல் அடுக்குக்கும் போட்டி வரும். பெட்டகத்தின் அடியில் கிடக்கும் நெகட்டிவ்கள் மட்டும் குப்பைக்குப் போகும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போன ஐயாக்களின் முகம் அவற்றில்தான் இருக்கிறது. காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்: எறியாதீர்கள்.

முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாசம் வந்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படலம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியே பிரித்து, மற்றவற்றுக்கு முன்பாக ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சளித்துப் பிசுபிசுப்பாக இருந்தால் அது நைட்ரேட் என்ற வகைப் படலமாக இருக்கலாம். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய அந்தப் படலம் எளிதில் தீப்பற்றும். சாமி அறை விளக்கின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

அடுத்து, பள்ளிக்கூட ஸ்கேலால் குறுக்கே அளந்து பாருங்கள். 120, 135 என்று படச்சுருளின் வகைக்குச் சொல்லும் எண்ணை நம்பாமல் அகலத்தை நம்புங்கள், ஏனென்றால் 120 என்பது மில்லிமீட்டர் கணக்கு அல்ல. கோடாக் நிறுவனம் தொடக்கத்தில் சுருளை இன்ன கேமராவுக்கு என்று சொல்லித்தான் விற்றது. வகைகள் பெருகிய பின் 101 முதல் வரிசை எண் கொடுத்தது. 1901இல் இரண்டாம் எண் பிரௌனி கேமராவுக்காக வந்த சுருளுக்கு அந்த வரிசையில் கிடைத்த எண்தான் 120. ஓரத்தில் துளையில்லாமல் ஏறக்குறைய 61 மி.மீ. இருந்தால் 120 அல்லது 620. இரண்டிலும் படலம் ஒன்றுதான், சுருளின் கட்டை மட்டும் 620இல் மெலிந்தது. படம் சதுரமாக இருந்தால், நம் வீடுகளில் நான் அதிகம் பார்த்திருக்கும் அக்ஃபா கிளிக் III எடுத்ததாக இருக்கலாம். அதில் ஒரு சுருளுக்கு 12 படங்கள். 46 மி.மீ. என்றால் 127, 70 மி.மீ. என்றால் 116.

இரு ஓரமும் துளைகளோடு 35 மி.மீ. இருந்தால் 135. இதன் பிறப்பு சினிமாவில். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன் 70 மி.மீ. ஈஸ்ட்மன் படலத்தை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு 4 துளை வைத்தார். ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் அதையே கிடையாக ஓடவிட்டு, இரண்டு சினிமா ஃபிரேம்களின் இடத்தை ஒரு படத்துக்குக் கொடுத்தார். 24க்கு 36 மி.மீ. அளவு வந்த வழி இது. உங்கள் நெகட்டிவில் எண்ணிப் பாருங்கள், ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு 8 துளை இருக்கும். அவருடைய லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. 135 என்ற எண்ணோ 1934இல்தான் பிறந்தது, ரெட்டினா கேமராவோடு கோடாக் வெளியிட்ட, பகல் வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய உலோகக் கூட்டுக்காக. இருட்டறையை விட்டுக் கேமராவை ஊர்வலத்துக்குள் இறக்கிவிட்ட அந்தச் சிறு கூட்டின் மேல் எனக்குத் தீராத மதிப்பு.

கழுவாத (டெவலப் செய்யாத) சுருள் கிடைத்தால் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். வெளிச்சம் பட்ட நொடியில் படம் போய்விடும். ஒட்டிக்கொண்ட நெகட்டிவ்களையும் இழுக்காதீர்கள்.

அளந்தவற்றைத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். எண்ணையும் வீட்டுப் பெயரையும் உறைமேல் முன்கூட்டியே பென்சிலால் எழுதிவிடுங்கள். வெயில் இறங்கும் மாடி அறை ஆகாது. இரண்டாங்கட்டின் உள்ளறை நல்லது. ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது எண்ணோடு அகலத்தையும் சொல்லுங்கள். ஸ்கேனரில் நெகட்டிவைப் பிடித்து வைக்கும் தாங்கி ஒவ்வொன்றுக்கும் வேறு; 135க்கான தாங்கியில் 120 உட்காராது, 127க்கும் 116க்கும் தாங்கி கிடைப்பதே அரிது. தட்டை ஸ்கேனர் வைத்திருப்பவரிடமே அவற்றைக் கொடுங்கள்.