வங்கியின் ஏல அறிவித்தல் வந்தால் முதலில் யாரிடம் போவது?

கல்லடியில் என் உறவுக்கார அக்கா ஒருவர், வங்கி அனுப்பிய பதிவுத் தபாலைப் பிரிக்காமலே வீட்டு உறுதியோடு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பயம்தான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இலங்கையின் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடனைக் கட்டத் தவறினால் ஈடு வைத்த வீட்டை நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. பராட்டே சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆகவே ஒவ்வொரு நாளும் பெறுமதியானது.

முதலில் வங்கி முகாமையாளரைச் சந்தித்து, தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கடிதப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையா? மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். வங்கி நியாயமாக நடக்கவில்லை என்றால் மத்திய வங்கிக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இந்த நேரத்தில்தான் தரகர்கள் வாசலுக்கு வருவார்கள். அக்காவிடமும் ஒருவர் வந்தார். "கடனை நான் கட்டுகிறேன், நீங்கள் ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கள்" என்றார். அவர் நீட்டிய தாள் அறுதி உறுதி, அதாவது வீட்டை முழுதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்! கையெழுத்து வைத்திருந்தால் வீடு அன்றே கைமாறியிருக்கும். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். அற்றோர்னி தத்துவத்திலும் (உங்களுக்குப் பதிலாகச் செயற்பட வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), உங்களுக்காகப் பேசும் சட்டத்தரணி வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு உங்கள் ஆள் அல்ல. முன்பணம் கேட்பவரிடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்; தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.